அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கும் மேக்ரோ தேவையா?

கொடைக்கானல் மலைச்செடிகள் பற்றிய ஒரு கையேட்டை ஸீலேடெக்கில் (கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளின் யூனிகோட் வடிவம்) அமைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவர் பண்ணைக்காட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். செடிப் பெயர் வரும் இடமெல்லாம் பின்னட்டவணையில் பக்க எண் சேரவேண்டும் என்பதால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மேக்ரோ (பெயரை அச்சிட்டு அட்டவணையிலும் சேர்க்கும் சுருக்கக் கட்டளை) வைத்தேன். நீலக்குறிஞ்சிக்கு \நக. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

“\நக மலர்” என்று அடித்தால் “நீலக்குறிஞ்சிமலர்” என்று ஒட்டிக்கொண்டு வரும். கட்டளைப் பெயருக்குப் பின்னால் உள்ள இடைவெளியை, லேடெக்கின் அடித்தளமான டெக் வாசிக்கும்போதே விழுங்கிவிடும். லேடெக் தொட்ட எல்லோரும் ஒரு முறை பட்டதுதான். தமிழில் கூடுதலாக ஒன்று உண்டு. உருபை ஒட்டி “\நகயில்” என்று அடித்தால், அதையும் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று நின்றுவிடும்.

முதலில் எல்லோரும் சொல்லும் எக்ஸ்ஸ்பேஸை வைத்துப் பார்த்தேன். டேவிட் கார்லைல் எழுதிய சின்னத் தொகுப்பு. மேக்ரோவின் கடைசியில் அதைப் போட்டால், அடுத்து வருவது காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்று பார்த்து, இல்லையென்றால் ஓர் இடைவெளியைச் சேர்க்கும். நாம் இடைவெளி விட்டோமா என்பது அதற்குத் தெரியாது. அது எப்போதோ விழுங்கப்பட்டுவிட்டது. ஆகவே ஊகம்தான். அதன் பட்டியலில் ” என்ற வளைந்த மேற்கோள்குறி இல்லாததால், மேற்கோள் மூடும் இடத்தில் ஒரு சந்து விழுந்தது. அதைப் பட்டியலில் சேர்க்க வழி இருக்கிறது, சரி. ஆனால் “நீலக்குறிஞ்சியில்”, “நீலக்குறிஞ்சியை” என்று வரும்போதெல்லாம் எப்படியும் \நக{}யில் என்று அடைப்பு போட்டே ஆகவேண்டும். தமிழில் உருபு இல்லாத பெயர் எத்தனை வாக்கியத்தில் வரும்?

அடுத்து ஃபியூச்சர்லெட். இது டெக்கின் அடிப்படைக் கட்டளை: அடுத்த டோக்கனை (டெக் படிக்கும் ஓர் அலகு: ஓர் எழுத்தோ ஒரு கட்டளையோ) எடுக்காமல் எட்டி மட்டும் பார்க்கும். நட்சத்திரம் இருக்கிறதா, சதுர அடைப்பு இருக்கிறதா என்று லேடெக் பார்ப்பதும் இதை வைத்துத்தான். எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. அடுத்த எழுத்து க, ச, த, ப என்றால் ஒற்றெழுத்தை மேக்ரோவே போட்டுவிடாதா? சொல்லுக்கு முதலில் வரும் வல்லினம் இந்த நாலுதான். ஸீலேடெக்கில் “பூ” என்பது ப, அப்புறம் ஊகாரக்குறி என்று இரண்டு டோக்கன். முதலாவதைப் பார்த்தால் போதும். (பழைய பிடிஎஃப்லேடெக்கில் இது நடக்காது. அங்கே ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட், எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட் ஒன்றே.) ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். “\நக செடி” என்றால் “நீலக்குறிஞ்சிச் செடி”, “\நக தேன்” என்றால் “நீலக்குறிஞ்சித் தேன்”, “\நக மலர்” என்றால் ஒற்று இல்லாமல் வெறும் இடைவெளி. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஐயா எழுதியிருந்தார்: “2006, 2018 ஆகிய ஆண்டுகளில் \நக பூத்தது.” அச்சில் வந்தது: “நீலக்குறிஞ்சிப் பூத்தது.” எழுவாய்க்குப் பின் வலி மிகாது என்று மேக்ரோவுக்கு யார் சொல்வது? “பூ”வுக்கும் “பூத்தது”க்கும் முதல் டோக்கன் ஒன்றுதான். எட்டிப் பார்ப்பதால் எழுத்து தெரியும், இலக்கணம் தெரியாது.

கடைசியில் வெற்று அடைப்புக்கே வந்துவிட்டேன்: \நக{} மலர், \நக{}யில், \நக{}ப் பூ, \நக{} பூத்தது. பார்க்க அழகில்லை, அடிக்க அலுப்பு. இருந்தும் நான் இதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பராமரிப்பு. ஐயா வாக்கியங்களை மாற்றிக்கொண்டே இருப்பார். “குறிஞ்சிச் செடிகள்” ஒரு வாரத்தில் “குறிஞ்சி சாய்ந்து கிடந்தது” ஆகும். ஊகிக்கும் மேக்ரோ தப்பாக ஊகித்தால் எந்த எச்சரிக்கையும் வராது. மெய்ப்பை வரிவரியாகப் படித்தால்தான் அகப்படும். அடைப்பை மறந்தால் அப்படியில்லை. \நக என்பதற்குப் பின்னால் { இல்லாத இடங்களை எடிட்டரில் தேடினால் போதும். போன வாரம் ஐயா அனுப்பிய கோப்பில் பதினோரு இடம் அகப்பட்டது. டீ ஆறுவதற்குள் திருத்திவிட்டேன். ஒற்று வேண்டுமா வேண்டாமா என்பதை ஐயாவே அடித்துவிடுகிறார். என்னைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஃபியூச்சர்லெட்டை முழுக்கத் தூக்கிப்போடவில்லை. \நக* என்று போட்டால் அடைப்புக்குறிக்குள் தாவரவியல் பெயரும் சேர்ந்து வரும். நட்சத்திரத்தை நாமே வேண்டுமென்று வைக்கிறோம், அதில் ஊகமில்லை. அதிலும் கவனம் வேண்டும்: வரி முறிக்கும் \\ அடுத்த வரித் தொடக்கத்தில் உள்ள [ குறியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும் கூத்தை அட்டவணைகளில் பார்த்திருக்கிறேன்.

லேடெக்3 என்ற புதிய நிரலாக்க அடுக்கில் எட்டிப் பார்ப்பதற்கென்றே இருக்கும் பீக் கட்டளைகளை இரண்டு நாள்தான் தொட்டேன், லுவா நிரல்மொழி சேர்ந்த லுவாலேடெக்கில் இந்தக் கையேட்டை ஓட்டியதில்லை. லுவாவில் அடுத்த சொல்லை முழுதாகப் பார்த்து முடிவெடுக்க வைக்கலாம்தான். ஆனால் “பூத்த” என்பது பெயரெச்சமா என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.