ஒரே டேபிளா, தனித்தனி டேபிளா? கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸுக்கு மூன்று வழிகள்

பேமென்ட் ஒரு தாய் கிளாஸ். கார்டு, காசோலை, வங்கிப் பரிமாற்றம் மூன்றும் அதன் பிள்ளைகள்; தாயின் பண்புகள் அவற்றுக்கும் வரும், அதுதான் இன்ஹெரிட்டன்ஸ். நிரலில் இது ஒரு வரி வேலை. டேட்டாபேஸில் டேபிளாக மாற்றும்போதுதான் வழி மூன்றாகப் பிரிகிறது.

முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டு, வகையைச் சொல்ல ஒரு நெடுவரிசை வைப்பது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜேபிஏவும் (ஜாவா கிளாஸ்களை டேபிள்களோடு இணைப்பதற்கான விவரக்குறிப்பு) என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரும் (.நெட்டில் அதே வேலையைச் செய்யும் கருவி) எடுத்துக்கொள்வது இதைத்தான். ஜாயின் (டேபிள்களை இணைத்துப் படிப்பது) தேவையில்லை, வேகம் நன்றாக இருக்கும். நல் (NULL, மதிப்பே இல்லாத காலி இடம்) நிறைய வந்து இடத்தை அடைக்குமே என்று பலர் தயங்குகிறார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு நல்லுக்கு ஆகும் செலவு ஒரே ஒரு பிட், அது பெரிய விஷயமே இல்லை. உண்மையான ஆபத்து வேறு: கார்டு வரிசைகளில் காசோலை எண் காலியாக இருந்தாக வேண்டும் என்பதால், அந்த நெடுவரிசைக்கு நாட் நல் (காலியாக விடக்கூடாது என்ற விதி) போட முடியாது. எண்ணே இல்லாத காசோலை உள்ளே வந்துவிடும். வகை காசோலை என்றால் எண் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் (CHECK, டேட்டாபேஸே சரிபார்க்கும் நிபந்தனை) எழுதினால் தீர்ந்தது. தயவுசெய்து அதை எழுதிவிடுங்கள். உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முந்தையது என்றால் கவனம். இந்த நிபந்தனையை வாங்கிக்கொள்ளும், ஆனால் அமல்படுத்தாது.

இரண்டாவது, தாய்க்கு ஒரு டேபிள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று, ஒரே பிரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் எண்). பைதானின் ஜாங்கோவில் அப்ஸ்ட்ராக்ட் (தனக்கென டேபிள் இல்லாதது) அல்லாத மாடலிலிருந்து இன்ஹெரிட் செய்தால் இதுதான் கிடைக்கும். நாட் நல் இயல்பாகவே அமையும். ஆனால் ஒரு காசோலையைச் சேமிக்க இரண்டு இன்சர்ட் (வரிசை சேர்ப்பு), முழுதாகப் படிக்க ஒரு ஜாயின்.

மூன்றாவதில் தாய் டேபிளே இல்லை; பொது நெடுவரிசைகள் ஒவ்வொரு பிள்ளை டேபிளிலும் திரும்ப வரும். எல்லாப் பேமென்டையும் பட்டியலிட யூனியன் ஆல் (பல டேபிள்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது) வேண்டும். ஜேபிஏவைச் செயல்படுத்தும் ஹைபர்நேட்டில் ஐடென்டிட்டி கீயும் (டேபிளே தானாகத் தரும் எண்) இதனுடன் ஒத்துவராது. ஜேபிஏ விவரக்குறிப்பே இதற்கான ஆதரவைக் கட்டாயமாக்கவில்லை.

என் கணக்கில் தீர்மானிப்பது ஃபாரின் கீதான், அதாவது ஒரு டேபிள் இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டுவது. ரீஃபண்ட் டேபிள் ஏதோ ஒரு பேமென்டைச் சுட்ட வேண்டுமா? மூன்றாவது வழியில் சுட்ட ஒரு டேபிளே இல்லை, அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டில் நான் ஒரே டேபிளும் செக் கன்ஸ்ட்ரெயின்டும் வைத்துத்தான் தொடங்குவேன். அப்புறம், காசோலை பணமின்றித் திரும்பிய விவரத்துக்கு ஒரு டேபிள் வருகிறது, அது காசோலையை மட்டுமே சுட்ட வேண்டும் என்றால், காசோலைக்குத் தனி டேபிள் பிரிக்கும் நேரம் அதுதான்.