காலையில் எதைக் கேட்கலாம்: தனியார் பண்பலையா, ஆகாசவாணியா?
வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் காலையில் கலகலப்பு வேண்டுமென்றால் தனியார் பண்பலைதான். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 இரண்டிலும் புதுப்பாட்டு, நேயர் அரட்டை, போக்குவரத்துத் தகவல் எல்லாம் நம்ம பேச்சுத்தமிழிலேயே வரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்கள் கிளம்பும் முன் கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் செய்தி? தனியார் நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. மத்திய அரசின் 2011 பண்பலைக் கொள்கைப்படி ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதற்குப் பதில் நேராக ஆகாசவாணியையே வைத்துவிடலாமே! காற்றின் வேகம், புயல் எச்சரிக்கை என்று நிதானமாக வாசிப்பார்கள். காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர் வீட்டில் அந்தக் குரலுக்குத் தனி மதிப்பு. பாட்டுக்கு ஆகாசவாணியின் பண்பலையான ரெயின்போ 101.4 இருக்கிறது, அரட்டை கொஞ்சம் குறைவு, எனக்கு அதுவே பிடிக்கும்.