பனிமலையில் எந்தத் தப்பு: மாட்டுத்தோலா, பிளாஸ்டிக் தோலா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தப்பு, அதாவது பறை, பழக ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டையும் தோளில் மாட்டி அடித்தவன் என்பதால் சொல்கிறேன்.

மாட்டுத்தோலுக்கு எதிரி நம்முடைய காற்றுதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தோல் ஈரத்தைக் குடிக்கும், தளரும், சுருதி இறங்கி 'தொப் தொப்' என்றாகிவிடும். அதனால் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பத் தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டும். வைக்கோலுக்கு எங்கே போவது? கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் பொறுக்கிய மிலாறும் (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) பழைய பேப்பரும்தான். தீ ஓங்கினால் தோல் வெடித்துவிடும். ஆடி மழையில் தீயே பிடிக்காது.

பிளாஸ்டிக் தோலுக்கு இந்தப் பாடு இல்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டிரம் செட்டுக்காக விற்பனைக்கு வந்த பாலியெஸ்டர் தோலின் வகைதான் இது. ஸ்பேனரால் முறுக்கிவிட்டால் விடியும்வரை அதே சுருதி. ஊர்வலத்துக்கும் பாடசாலை மேடைக்கும் நல்லது.

ஆனால் மாசியில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்கு? மன்மதனை இழந்து ரதி புலம்பும் இடத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவே வெறுமை கேட்க வேண்டும். மாட்டுத்தோலின் நடுவில் அடிக்குச்சி விழுந்தால் கனத்த ஒலி எழுந்து சட்டென்று அடங்கும். அழுகை அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் ரீங்காரம் இழுத்துக்கொண்டே போகும். இடக்கையால் அமுக்கலாம்தான், ஆனால் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சியைப் பிடித்திருப்பதும் அதே கை.

அதே கூத்தில் ஆவேசமாக வீரபத்திரன் வரும்போது கணக்கு மாறும். பிளாஸ்டிக்கில் குச்சி துள்ளித் திரும்புவதால் வேக அடி சுலபம். ஆனாலும் அப்போதுதான் காய்ச்சி எடுத்த மாட்டுத்தோலின் முதல் சில நிமிட முறுக்கு எதிலும் வராது. கைதேர்ந்த அண்ணன்மார் அதை வைத்தே நேரம் பார்ப்பார்கள்: வீரபத்திரனுக்குச் சூடான தப்பு, ரதிக்குத் தளரத் தொடங்கிய தப்பு. தோலின் குறையையே கூத்தின் உணர்ச்சியாக்கிய அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஸ்பேனரில் நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. மாட்டுத்தோலைத் தொடுகிறவர்கள் என்று தப்படிப்பவர்களைத் தள்ளிவைத்தவர்கள் நம்மவர்கள்தான். பிளாஸ்டிக் வந்தபின் 'இது வேற' என்று சொல்லி எல்லா லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளைகளும் எடுக்கிறார்கள். எடுப்பது சந்தோசம். 'இது வேற' என்ற சொல் வலிக்கிறது. விடியலில் தோட்ட வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு எழுப்பியதும், சாவு வீட்டில் கூடவே நின்றதும் அந்தத் தோல்தானே.

பழகுகிறவர்கள் மாட்டுத்தோலில் தொடங்குங்கள். துள்ளாத தோலில் குச்சியை மணிக்கட்டுதான் தூக்க வேண்டும், கை அப்படித்தான் பலப்படும். மழைக்கால ஊர்வலத்துக்குக் குழுவுக்குப் பொதுவாக இரண்டு பிளாஸ்டிக் தப்பு போதும். வாங்கும்போது தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் தடிப்பு ஒரே மாதிரி இல்லை, அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.