கணினியைச் சரிசெய்கிறேன் என்று 8,500 வாங்கிவிட்டார்கள், ஏமாறாதீர்கள்

எழுதும்போதே கை நடுங்குகிறது. பணம் போய் ஐந்து நாள் ஆகிறது. இனி வராது என்று தெரிந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. வீட்டுக் கணினி தகராறு செய்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

சில வாரங்களாகவே என் மடிக்கணினி மக்கர் செய்தது. திறந்ததும் நன்றாக ஓடும். கால் மணி நேரம் போனால், தட்டும் எழுத்துகூட நின்று நின்றுதான் வரும். விசிறி வேறு ஓயாமல் இரையும். இணையத்தில் தேடி, முதலாவதாக வந்த எண்ணை அழைத்தேன். அது விளம்பரம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். இணையம் வழியாகவே பழுது பார்க்கும் சேவையாம். பெயர் சொல்லிப் பயனில்லை. நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள்.

பேசியவன் குரலில் அத்தனை பணிவு. "பதறாதீர்கள் அம்மா, என்னை உங்கள் பிள்ளை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்றான். நினைத்துக்கொண்டேன். அவன் சொன்ன மென்பொருளை இறக்கி, திரையில் வந்த எண்ணையும் படித்துச் சொன்னேன். சுட்டி தானாக நகர ஆரம்பித்தது. கணினியில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர் என்ற ஒன்றைத் திறந்து, வரிசை வரிசையாகச் சிவப்புக் குறிகளையும் மஞ்சள் முக்கோணங்களையும் காட்டினான். "அத்தனையும் வைரஸ் செய்த வேலை அம்மா, அடுத்தது உங்கள் வங்கிக் கணக்குதான்." எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. விண்டோஸ் ஓடும் நல்ல கணினியிலும் அந்தப் பட்டியலில் பிழைகளும் எச்சரிக்கைகளும் இருக்கத்தான் செய்யும், ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட அங்கே ஒரு வரி விழும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

நடுவில் ஒன்று கேட்டான். "பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிறதே, அணைத்துவிட்டுப் பேசுகிறீர்களா?" அது கணினியின் விசிறி, தம்பி என்றேன். "ஓ, சரி" என்று மேலே போய்விட்டான்.

8,500 கட்டினேன். ஒரு வருடப் பாதுகாப்பு, எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்றான். எதையெதையோ அழித்தான். அணைத்துவிட்டு அரை மணி கழித்துப் போடுங்கள், பறக்கும் என்றான். பறந்தது, கால் மணி நேரம்.

மறுநாள் அழைத்தால், சீனியர் டெக்னீஷியன் கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடவில்லை. அடுத்த நாள் ஒரு பெண், உங்கள் இணைய வேகம் குறைவு, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றாள். இணையம் இல்லாமல் வெறும் கடிதம் தட்டினாலும் திணறுகிறதே என்றேன், வைத்துவிட்டாள். பணத்தைக் கேட்டேன். அந்தப் பிரிவு தனி, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். வந்தது தானியங்கிப் பதில். நேற்று அந்தப் பிள்ளையே கிடைத்தான். "உங்கள் திட்டத்தில் ஹார்டுவேர் சேராது மேடம், இன்னும் 6,000 கட்ட வேண்டும்." நான்கு நாளில் அம்மா மேடமாகிவிட்டேன்.

இன்று அக்கா மகன் வந்தான். சத்தத்தைக் கேட்டதுமே, "சித்தி, இதன் உள்ளே எப்போது சுத்தம் செய்தீர்கள்?" என்றான். உள்ளேயா? கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றினான். விசிறிக்கும் அதை ஒட்டிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி தூசி. காற்று வெளியேற வழியில்லாமல் சூடு ஏறினால், கெட்டுப்போகாமல் இருக்க, கணினியின் மூளையான பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றை ஊதினான். இருபது நிமிடம், காலணாச் செலவில்லை. அந்த இரைச்சலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தானே அவன் 8,500 வாங்கினான்!

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எது வேகத்தைத் தின்கிறது என்று முதலில் அதில் பாருங்கள். வைரஸ் பயம் இருந்தால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே இலவசமாகச் சோதிக்கும். திரையை மறைத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கை தொலைபேசி எண்ணோடு வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. முன்பின் தெரியாதவனுக்குத் திரையைத் திறந்துவிடாதீர்கள். விட்டுவிட்டீர்களா? இணையத்தைத் துண்டியுங்கள், அந்த மென்பொருளை நீக்குங்கள், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், வங்கிக்கு உடனே சொல்லுங்கள். நான் ஐந்து நாள் கழித்துச் சொன்னேன். "நீங்களே ஒப்புதல் தந்து அனுப்பிய தொகை" என்கிறார்கள்.

கடவுச்சொற்களில் பாதியைத்தான் மாற்றியிருக்கிறேன். மீதியை மாற்றப் போகிறேன்.