சொந்த விமானத்துக்கு நானே ஸ்பேனர் பிடித்தேன், 6,840 டாலர் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டெக்சாஸில் சின்ன விமானம் வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து படியுங்கள். 6,840 டாலர். முழுசாகப் போச்சு.

என்னுடையது 1976 செஸ்னா 172. நான்கு சிலிண்டர் லைகாமிங் எஞ்சின், வயதில் எனக்கு அண்ணன். டிவிஎஸ் ஃபிஃப்டியில் பிளக் மாற்றத் தெரியாதவனுக்கு ஏரோப்ளேனா என்று அம்மா இன்னும் கேட்கிறாள். வாங்கியதைவிட வைத்துக் காப்பதுதான் யானைத் தீனி. 12 மாதத்துக்கு ஒருமுறை ஆனுவல் என்கிற முழுச் சோதனை, அதற்கென்று அதிகாரம் உள்ள மெக்கானிக்கின் கையெழுத்து, இரண்டும் இல்லாமல் பறக்கக் கூடாது. செலவைக் குறைக்க ஓனரும் கூடச் சேர்ந்து வேலை செய்யலாம். மூடிகளைக் கழற்றுவது, சக்கரத்துக்கு கிரீஸ், ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வதெல்லாம் நாம். சோதனையும் கையெழுத்தும் அவர்கள். சட்டப்படி சரியான ஏற்பாடுதான்.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஏர்போர்ட், அதன் ஓரத்து ஹேங்கரில் இரண்டே பேர் நடத்தும் பட்டறை. பெயரைப் போடாதே என்கிறார் வக்கீல். "நீ கூட உழைத்தால் சோதனைக்கு 1,400, பார்ட்ஸ் தனி" என்றார் பெரியவர்.

முதல் நாள் அவர் நடந்துகொண்டதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, எட்டு பிளக்கையும் துளை போட்ட மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, எது எந்த சிலிண்டர், எது மேல், எது கீழ் என்று சொல்லிக்கொடுத்தார். ஈயம் படிந்ததைச் சுரண்டச் சொன்னார், கேப் அளக்கச் சொன்னார். இரண்டாம் சிலிண்டரின் கீழ்ப் பிளக்கைப் பூட்டும்போது என் ஸ்பேனர் வழுக்கி அறுகோண விளிம்பில் ஒரு கீறல் விழுந்தது. சிரித்தார். "இனி அது உன் பிளக்" என்றார். அன்று மாலையே 1976 முதல் இன்றுவரை விமானத்தில் செய்த வேலையெல்லாம் பதிவாகியிருக்கும் லாக்புக் மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டினார். கேட்டதுகூட இல்லை, நானாகக் கொடுத்தேன்.

சிலிண்டர் காற்றழுத்தத்தைக் கசியாமல் தாங்குகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் நாளில் ஆயில் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தால், மூன்றாம் சிலிண்டரில் 80 அழுத்தம் கொடுத்தால் 58தான் நிற்கிறதாம், கழற்றி ஓவர்ஹாலுக்கு, அதாவது பிரித்துப் புதுப்பிக்க, அனுப்பணுமாம். எஞ்சின் மேல் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. இந்த டெஸ்ட்டைச் சூடான எஞ்சினில்தான் செய்ய வேண்டும். எனக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி.

இரண்டு வாரம் கழித்து, முடிந்தது என்று போன். பணம் கட்டினால்தான் லாக்புக். கார்டு என்றால் 3 சதவீதம் கூட, அதனால் வங்கியிலிருந்து நேராக அனுப்பினேன். 6,840 டாலர். விவரமான பில் மறுநாள் மெயிலில் வந்தது. சோதனை 1,400. மூடி கழற்றி மாட்ட 14 மணி நேரக் கூலி 1,540. கழற்றியது யார்? நான்! சிலிண்டர் 3,420. புது ஸ்பார்க் பிளக் எட்டு, 480.

ஹேங்கருக்கு ஓடிப்போய் இரண்டாம் சிலிண்டரின் கீழ்ப் பிளக்கைக் கழற்றினேன். என் கீறல் அப்படியே இருக்கிறது.

வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மூன்றாம் சிலிண்டரின் அடியில் டார்ச் அடித்தார். நட்டுகளின் மேல் பழைய பெயிண்ட், அதன் மேல் வருஷக்கணக்கான எண்ணெய் அழுக்கு, ஒரு கீறல் இல்லை. அந்த சிலிண்டர் இடத்தை விட்டு அசையவே இல்லை. ஆனால் லாக்புக்கில் ஓவர்ஹால் செய்து பூட்டியதாகக் கையெழுத்தோடு எழுதியிருக்கிறது. என் கோபம் சிலிண்டர் காசுக்காகக்கூட அல்ல, இந்தப் பொய்யை நம்பி என் பெண்ணை ஏற்றிக்கொண்டு பறந்திருப்பேனே!

போன் செய்தேன். முதலில், பில் போடும் பெண் தப்பாக அடித்துவிட்டாளாம். அடுத்த முறை, நீ போன பிறகு புது பிளக் மாற்றினேன் என்றார். கீறலின் போட்டோவை அனுப்பினேன், பதில் இல்லை. நான்கு நாள் கழித்து அந்த ஆளின் பார்ட்னர் எடுத்து, "ஓனர் கை வைத்த விமானத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றான். கை வைக்கச் சொன்னதே நீங்கள்தானேடா!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. லாக்புக்கை ஸ்கேன் எடுக்காமல் கொடுக்காதீர்கள். கம்ப்ரெஷன் டெஸ்ட் நடக்கும்போது நகராதீர்கள், ஆயில் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். குறை இருக்கிறது என்றால் கையெழுத்துப் போட்ட பட்டியலாகக் கேளுங்கள், அதைக் கொடுப்பது அவர்கள் கடமை. அந்த வேலையை வேறு மெக்கானிக்கிடமும் செய்துகொள்ளலாம். 3 சதவீதம் போனால் போகிறது, கார்டில் கட்டுங்கள்.

இங்கே சின்னத் தொகை வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம், திங்கட்கிழமை போகிறேன். பொய் லாக் எழுதியதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏவுக்குத் தனிப் புகார். புது மெக்கானிக் அந்த ஆனுவலை நம்பமாட்டேன், முதலிலிருந்து செய்யணும் என்கிறார். 6,840 டாலருக்கு மேல் இன்னொரு செலவு. சனிக்கிழமை காலையில் மறுபடி எல்லா மூடியையும் கழற்றணும்.