பழைய லீஃபா, புது பிவைடியா?

கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வர மட்டும்தான் மின்சாரக் கார் என்றால் பழைய நிசான் லீஃப் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆரம்பத்தில் வந்த லீஃபில் இருப்பது 24 கிலோவாட் மணி பற்றரி, அதைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் இல்லை, நம் வெயிலில் சீக்கிரம் தேயும். டாஷ்போர்டின் வலது ஓரத்தில் பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் 12 கட்டங்களில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்க்காமல் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். சீனக் கம்பனியான பிவைடியின் அட்டோ 3 வேறு ரகம். பெரிய மாடலில் 60 கிலோவாட் மணி, பற்றரியும் அவர்களே செய்வது, லித்தியம் இரும்பு பொஸ்பேட் என்பதால் சூட்டையும் தாங்கும். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும், 2025இல் இலங்கையில் வாகன இறக்குமதி திறந்தும் வரி அப்படி. அப்புறம், பிளாட்டில் சொந்தப் பார்க்கிங்கும் பிளக்கும் இல்லாவிட்டால் இரண்டுமே தலையிடிதான். லீசிங் கட்ட முடிந்தால் பிவைடி, எனக்கு முடியாது.