வார இறுதி ட்ரெக்கிங் சாமான்கள்: பல வருட உபயோகத்துக்குப் பிறகு என் சிபாரிசு

முதல் முறையாக முதுகில் பையை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நடக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த டென்ட் வாங்கலாம்?" என்றுதான். டென்டை யாரிடமாவது கடன் வாங்குங்கள், ஷூவையும் படுக்கிற மேட்டையும் சொந்தமாக வாங்குங்கள் என்பேன். பல வருடமாக இந்தச் சாமான்களைச் சுமந்து, நனைத்து, காயவைத்து, தைத்து, ஒட்டிப் பயன்படுத்திய பிறகும் இந்தப் பதில் மாறவில்லை.

காரணம் எளிது. ஒரு வார இறுதியில் உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. முதல் நாள் மதியம் காலில் கொப்புளம் வந்தால் மறுநாள் இறங்கும்வரை அதோடுதான் நடக்க வேண்டும். அன்று ராத்திரி தூக்கமும் இல்லையென்றால், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் மனதில் நிற்பது வலி மட்டுமே. இன்னொரு தடவை போவீர்களா இல்லையா என்பதைக் காலும் தூக்கமுமே முடிவு செய்கின்றன. பணத்தையும் அங்கேதான் போட வேண்டும்.

ஷூவிலிருந்து தொடங்குகிறேன். கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ் இல்லாமல் மலைக்குப் போகக் கூடாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். ஓரளவு ஒழுங்கான பாதையில், பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள் சுமை என்றால், ட்ரெயில் ரன்னிங் ஷூ, அதாவது மண்பாதையில் ஓடுவதற்கான இலேசான ஷூ, தாராளமாகப் போதும். காலில் ஏறும் ஒவ்வொரு நூறு கிராமும் முதுகில் ஏறும் நூறு கிராமைப் போலப் பல மடங்கு சக்தியைத் தின்னும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி முன்னால் போட வேண்டுமே! சைஸ் பார்க்கும்போது சாயங்காலம் பாருங்கள், அந்த நேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும். நடக்கப் போகும் சாக்ஸைப் போட்டுக்கொண்டே பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையில் ஒரு சரிவு கிடைத்தால் அதில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் போய் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். நகம் கறுத்து விழுவதெல்லாம் இறக்கத்தில் நடக்கிற சமாசாரம்.

வாட்டர்ப்ரூஃப் ஷூ நல்லதா என்ற கேள்வியும் கூடவே வரும். குளிரிலும் பனியிலும் நல்லது. மற்றபடி, ஓடையில் மேல்பக்கமாக ஒரு தடவை தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது வெளியே வர வழியில்லை. வலைத்துணி ஷூ நனைந்தாலும் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். நான் வருடக்கணக்காக வலைத்துணி ஷூவில்தான் நடக்கிறேன்.

நாள்பட்ட உபயோகத்தில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம்: ஷூவின் அடிப்பல் தேய்வதற்கு முன்பே நடுவிலிருக்கும் ஃபோம் செத்துவிடும். பக்கவாட்டில் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். புதிதில் பஞ்சுபோல் உள்ளே போய்த் திரும்பும். பழசானதும் கல்லாக நிற்கும், ஓரத்தில் கிடைமட்டமாகச் சுருக்கங்களும் தெரியும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று அதே ஷூவை மாட்டிக்கொண்டு போனால் முழங்கால் சொல்லிவிடும்.

சாக்ஸ் பருத்தி வேண்டாம். மெரினோ கம்பளி கலந்தது இரண்டு ஜோடி நடக்க, ஒரு ஜோடி தூங்க மட்டும். தூங்கும் ஜோடி ராத்திரிக்கு முன் பையை விட்டு வெளியே வரவே கூடாது. குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்த உடனேயே நின்று, ஷூவைக் கழற்றி டேப் ஒட்டிவிடுங்கள். கூட வருகிறவர்கள் காத்திருப்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம். இப்போது ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை, கொப்புளம் உடைந்துவிட்டால் அந்த நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது மேட். எல்லாப் பட்டியலிலும் கடைசியில் வருகிற சாமான் இது. எனக்கு இதுதான் முதல். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், நம் எடைக்குக் கீழே அதன் உள்ளடைப்பு நசுங்கிவிடும். நசுங்கிய அடைப்பில் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் கதகதப்பும் இல்லை. தரை நம் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு முதுகு சில்லிட்டு எழுகிறவர்கள் ஸ்லீப்பிங் பேக்கைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை மேட்டில்தான் இருக்கும்.

மேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ஆர்-வேல்யூ என்ற எண் சொல்லும். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு அளந்து ஒரு எண் போட்டது, ஒப்பிடவே முடியாது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை வந்து, 2020 வாக்கில் முக்கியமான தயாரிப்பாளர்கள் அதற்கு மாறிய பிறகுதான் எண்களை நம்பி வாங்க முடிகிறது. மடக்கும் ஃபோம் மேட்டுக்கு 2 அளவில் இருக்கும், வெயில் காலத்துக்குப் போதும். ராத்திரி நன்றாகக் குளிரும் என்றால் 3 முதல் 4 வரை பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் விரித்தால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாத சௌகரியம்.

என் ஃபோம் மேட் இப்போது புதிதில் இருந்த தடிமனில் இல்லை. இடுப்பு படுகிற இடத்தில் குழிகள் தட்டையாகிவிட்டன, ஒரு மூலை முள்ளில் கிழிந்திருக்கிறது. ஆனாலும் நம்பகத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. பஞ்சர் ஆகாது, மதியம் பாறைமேல் விரித்துச் சாயலாம். காற்றடைத்த மேட்டில் தூக்கம் இன்னும் நன்றாக வரும். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு அதுதான் சரி, ஃபோமில் இடுப்பெலும்பு தரையைத் தொட்டுவிடும். ஆனால் அதைப் பேணத் தெரிந்திருக்க வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும், ஊதும் பையைப் பயன்படுத்துங்கள். வீட்டில் வால்வைத் திறந்தபடி, சுருட்டாமல் வையுங்கள். காற்று மெல்ல இறங்கினால் நன்றாக ஊதி, சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு ஒவ்வொரு பகுதியாகத் தடவுங்கள். குண்டூசி முனையளவு ஓட்டையாக இருந்தாலும் அந்த இடத்தில் சின்னக் குமிழி எழும். பேனாவால் வட்டம் போட்டு, துடைத்து, நன்றாகக் காயவைத்து பேட்ச் ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். முதலில் வால்வைச் சோதியுங்கள், பல நேரம் அங்கே ஒரு மணல் துகள்தான் மாட்டியிருக்கும்.

ஸ்லீப்பிங் பேக்கில் அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வெப்பநிலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 தரத்தின்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று அளவுகள் இருக்கும். பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டுமே. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதைப் பற்றியது, தூக்கத்தைப் பற்றியது அல்ல. எதிர்பார்க்கும் குளிரைவிட நான்கைந்து டிகிரி கூடுதல் குளிரைத் தாங்குவதாக எடுத்துக்கொண்டால் நிம்மதி.

டவுன் என்கிற வாத்தின் மென்தூவி நல்லதா, செயற்கை இழை நல்லதா? ஈரமான பிரதேசத்துக்கும் சிக்கனத்துக்கும் செயற்கை இழை. நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும், டவுன் நனைந்தால் கட்டியாகிப் படுத்துவிடும். ஆனால் நாள்பட்ட கணக்கில் டவுன்தான் ஜெயிக்கிறது. செயற்கை இழையை ஒவ்வொரு தடவையும் இறுக்கித் திணிக்கத் திணிக்க இழைகள் ஒடிந்து, சில வருடங்களில் பை மெலிந்துவிடுகிறது. என் டவுன் பை இன்னமும் உதறிப் போட்டால் உப்புகிறது. வீட்டில் அதைச் சுருக்குப் பையில் வைப்பதே இல்லை. பெரிய துணிப்பையில் தளர்வாகக் கிடக்கும். துவைத்தால் குறைந்த சூட்டில் ட்ரையரில், சுத்தமான டென்னிஸ் பந்துகளோடு, கட்டிகள் எல்லாம் உடையும்வரை பல மணி நேரம் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கி நாறும்.

முதுகுப்பையைக் கடைசியில் வாங்குங்கள். மற்ற சாமான்கள் சேர்ந்த பிறகுதான் எத்தனை லிட்டர் வேண்டும் என்று தெரியும். பெரும்பாலானவர்களுக்கு 40 முதல் 50 லிட்டர் சரியாக வரும். 65 லிட்டர் வாங்கினால் அதையும் எதையாவது போட்டு நிரப்பிவிடுவோம். பையில் முக்கியம் உங்கள் உயரம் அல்ல, முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் தட்டுப்படும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். கடையில் பையில் ஏழெட்டுக் கிலோ போட்டு மாட்டிப் பாருங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின்மேல் உட்காரவைத்து முதலில் இறுக்க வேண்டும். பிறகு தோள்பட்டை, அதன் பிறகு தோளுக்கு மேலே பையை உடம்போடு இழுக்கும் சின்னப் பட்டை, கடைசியாக நெஞ்சுப்பட்டை. சரியாக அமைந்தால் சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும், தோளுக்கும் பட்டைக்கும் நடுவே விரலை எளிதாக நுழைக்கலாம். கனமானவற்றை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

மழைக்குப் பையின்மேல் மாட்டும் உறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் திறந்திருப்பதால் தண்ணீர் அந்த வழியாக இறங்கும், காற்றிலும் பிடுங்கிக்கொண்டு போகும். பைக்குள் தடிமனான பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிவிட்டால் சாமான் நனையாது.

டென்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், கடன் வாங்கச் சொன்னவன் ஆயிற்றே. இருவர் டென்ட் இரண்டு கிலோ அளவில் இருந்தால், துணியை ஒருவர், கம்பிகளை ஒருவர் என்று பிரித்துச் சுமக்கலாம். காலையில் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து ஒழுகுகிறது என்று நினைத்துவிடுவார்கள். அது நம் மூச்சின் ஈரம்தான். மழையிலும் காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கு முன் கட்டாயம் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் துணியின் பாலியூரிதேன் பூச்சு நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும், ஒரு புளித்த வாடை வரும். அந்த நிலைக்கு வந்த டென்டைக் காப்பாற்றுவது கஷ்டம்.

தண்ணீருக்குக் குழல் இழை ஃபில்டர் வைத்திருக்கிறேன், உள்ளே மெல்லிய குழாய் போன்ற இழைகள் இருக்கும். 0.1 மைக்ரான் துளை, பாக்டீரியாவையும் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிரிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. மனித நடமாட்டம் அதிகமுள்ள இடத்துத் தண்ணீர் என்றால் கொதிக்கவைப்பதே மேல். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவினால் பழைய வேகம் பெருமளவு திரும்பும். ஒருமுறை பயன்படுத்திய ஃபில்டர் உறைந்துபோனால் இழைகள் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. குளிர் ராத்திரியில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

ஸ்டவ் இல்லாமலும் ஒரு ராத்திரி போகலாம். எடுத்துப் போனால் டென்டுக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள். தீயைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு, அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. குளிரில் கேஸ் மந்தமாக எரிந்தால் ஸ்டவ்வில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சாதாரண பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த சிலிண்டர் வாங்குங்கள்.

சின்னச் சாமான்களுக்கு, சியாட்டில் நகரத்து தி மவுன்டனியர்ஸ் கழகம் 1930களில் தன் பயிற்சி வகுப்புகளுக்காகத் தொகுத்த பத்துப் பொருள் பட்டியல் இன்றும் நல்ல வழிகாட்டி: வரைபடம், திசைகாட்டி, வெயில் பாதுகாப்பு, கூடுதல் உடை, விளக்கு, முதலுதவி, தீமூட்டி, தீப்பெட்டி, கத்தி, கூடுதல் சாப்பாடு. இதில் நான் வற்புறுத்துவது ஹெட்லேம்ப். போன் வெளிச்சம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், வழி காட்ட வேண்டிய பேட்டரியையும் தின்றுவிடும். வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்து போனை ஏர்ப்ளேன் மோடில் வையுங்கள், காகித வரைபடமும் பையில் இருக்கட்டும். அப்புறம் ஒரு சின்ன மண்தோண்டி. மலம் கழிக்கும் குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம், நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி. நாம் குடிக்கிற ஓடையில்தான் அடுத்து வருகிறவரும் குடிக்கப் போகிறார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பாடு, தண்ணீர், எரிவாயு தவிர்த்துப் பையை எடை போடுங்கள். ஒன்பது கிலோவுக்குள் இருந்தால் அருமை. தாண்டினால் முதலில் துணிமணியில் கை வையுங்கள். நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட், ஒரு கதகதப்பான சட்டை, ஒரு மழைக்கோட்டு, இவ்வளவு போதும். சரி, அதன் பிறகும் எடை குறையவில்லை என்றால் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று தரையில் பரப்பிப் பாருங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்தவை தனியாகத் தெரியும். அவற்றில் முதலுதவி, மழைக்கோட்டு, வரைபடம் மூன்றும் இருந்தால் பையிலேயே இருக்கட்டும், மற்றதை வீட்டிலேயே வைத்துவிடலாம்.